எட்டு மடங்குக் கட்டணத்தில் போன செய்தி

1. எல்லோருக்கும் பம்பாய்

காலை ஷிஃப்டுக்கு வந்து ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன்பே டிரங்க் போர்டில் பாதி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இரவு ஷிஃப்ட் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள்.

"என்னடி ஆச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. எல்லாருக்கும் பம்பாய் வேணுமாம். இப்பவே வேணுமாம்" என்றாள் ஒருத்தி.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் நான் டிரங்க் ஆபரேட்டர். இன்று நீங்கள் எண்ணை அழுத்தினால் மறுமுனையில் மணி அடிக்கிறது. அன்று வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் லைன் பிடித்து, பிளக்கைச் செருகி, இருவரையும் சேர்த்துவைப்போம். மூன்று வகைக் கால் உண்டு. சாதாரணக் கட்டணத்துக்கு ஆர்டினரி. இரண்டு மடங்கு கொடுத்தால் அர்ஜென்ட். எட்டு மடங்கு கொடுத்தால் லைட்னிங். லைட்னிங் வந்துவிட்டால், காத்திருக்கிற அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் போட வேண்டும்.

அன்று காலை வந்ததெல்லாம் லைட்னிங். காந்தி மார்க்கெட் எண்ணெய் மண்டிகளிலிருந்தும், பெரிய கடைவீதிக் கடைகளிலிருந்தும். பம்பாய்க்கு நேர் லைன் கிடையாது. மெட்ராஸ் வழியாகத்தான் போக வேண்டும். ஆகையால் மெட்ராஸ் லைன் எல்லாவற்றையும் அவர்களே பிடித்துக்கொண்டார்கள். புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் மெட்ராஸுக்கு ஆர்டினரி புக் செய்திருந்தார்.

"அம்மா, எங்க அப்பாவுக்கு ரொம்ப முடியல. தம்பி மெட்ராஸ்ல இருக்கான், கிளம்பி வரச் சொல்லணும். கொஞ்சம் பாருங்கம்மா" என்றார்.

நான் சூப்பர்வைசர் மிஸஸ் ராட்ரிக்ஸைத் திரும்பிப் பார்த்தேன். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து வருகிற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. கண்டிப்பானவர்.

"லைட்னிங் ஃபர்ஸ்ட், பிலோமினா. ரூல் நான் எழுதல" என்றார்.

அந்த மனிதருக்கு லைன் கிடைத்தபோது மதியம் ஆகிவிட்டது. "இனிமே வேணாம்மா, கேன்சல் பண்ணிடுங்க" என்றார். அவர் குரலில் இருந்த மரியாதை இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும்.

அன்று பம்பாயில் கடலை எண்ணெய் விலை விழுந்திருந்தது. கையில் இருக்கிற எண்ணெயின் விலை அல்ல. இரண்டு மூன்று மாதம் கழித்து என்ன விலை போகும் என்று இப்போதே பேரம் பேசி வைத்துக்கொள்வது வாயிதா வியாபாரம். ஏறும் என்று திருச்சிக்காரர்கள் பலர் பேசி வைத்திருந்தார்கள். இறங்கிவிட்டது. வித்தியாசத்தை உடனே கட்டு என்று பம்பாய்த் தரகர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். லைன் தெளிவாக இருக்கிறதா என்று நாங்கள் நடுநடுவே கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்டதில் எனக்குத் தெரிந்தது இது. பேரம் பேசிய எண்ணெயில் ஒரு டின்னைக்கூடக் கண்ணால் பார்க்காதவர்கள் எண்ணெய்க்காக அழுதுகொண்டிருந்தார்கள்.

அழட்டும் என்றுதான் நினைத்தேன். சூதாடினவர் தோற்றார், நமக்கென்ன என்று. எனக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

2. கல் வெட்டினவன்

என் தம்பி அந்தோணி செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவன். மூக்குத்தியிலும் தோட்டிலும் வைக்கிற வெள்ளைக் கல், சிவப்புக் கல். திருச்சியில் அப்போது அந்தத் தொழில் வீட்டுக்கு வீடு. எங்கள் பாலக்கரையிலேயே சந்துக்குச் சந்து சாணைச் சக்கரம் சுற்றும். அவன் வேலை பார்த்த பட்டறைக்கு எந்தக் குறையும் இல்லை. தரகர்கள் வாசலில் காத்திருந்து வாங்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் பத்து மணிக்கே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"பட்டறைய மூடிட்டாங்கக்கா."

"ஏன், கல்லு விக்கலையா?"

"விக்குதே. போன வாரம்கூட ஓவர்டைம் பாத்தோம். முதலாளிக்கு உண்டிய மாத்தித் தரமாட்டேன்னுட்டாங்களாம். புதுசா கல்லு வாங்கக் கையில காசு இல்லயாம்."

உண்டி என்பது ஒரு கடன் சீட்டு. வியாபாரி எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவார். தவணை வந்ததும் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அடுத்த தவணைக்கு மாற்றி எழுதிக்கொள்வார். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடும். பெரிய கடைவீதியில் ஒரு உண்டிக்கடை இருந்தது; தலைமைக் கடை பம்பாயில். அந்தக் கடை பம்பாயில் எண்ணெய்த் தரகர்களுக்குக் கடன் கொடுத்திருந்தது. திருச்சியில் கல் வியாபாரிகளுக்குக் கொடுத்திருந்தது. அங்கே வராமல் போன பணத்தை இங்கே வசூலிக்கச் சொன்னார்கள். அந்த உத்தரவு வந்த டிரங்க் காலையும் எங்கள் போர்டுதான் போட்டது. "ஒருத்தருக்கும் மாத்தித் தராதே, யாரா இருந்தாலும் சரி" என்று பம்பாய்க்குரல் இந்தியில் சொன்னதை, இந்தி தெரிந்த ஆபரேட்டர் ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் முணுமுணுத்தாள். எனக்கு அப்போது பொருள் விளங்கவில்லை. தம்பி வந்து உட்கார்ந்தபோது விளங்கியது.

"அக்கா, நான் என்ன எண்ணெயா வித்தேன்?" என்று கேட்டான்.

அவனுக்குக் கைக்குழந்தை இருந்தது. எங்கள் சந்தில் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு மளிகைக்கடைக்காரர் கடன் தருவதை நிறுத்தினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை; அவருக்கு மண்டியில் நிறுத்திவிட்டார்கள். மண்டிக்காரர்களில் சிலர் வாழைத்தாரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் காசு புரட்டினார்கள். முக்கொம்புப் பக்கத்து விவசாயிக்கு அந்த வருஷம் நல்ல விளைச்சல். அவரும் வந்த விலைக்கு விற்றுவிட்டு, பம்பாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்குப் போனார்.

3. மூன்று கால்

எண்ணெய் வியாபாரிகளில் சிவசாமி என்று ஒருவர். பெரிய மண்டி, இரண்டு செக்கு மில். ஸ்ரீரங்கத்தில் ஒரு நிதிக்கு டைரக்டரும் அவர்தான். நிதி என்றால் பாங்கி மாதிரி; உள்ளூர்க்காரர்களிடம் டெபாசிட் வாங்கி, சொத்தின் மேல் கடன் கொடுப்பார்கள். ரிட்டயர் ஆன வாத்தியார்கள், மடப்பள்ளியில் வேலை பார்த்தவர்கள், கணவனை இழந்தவர்கள், இவர்கள் பணம்தான் அதில் முக்கால்வாசி. அதைக் கல் வியாபாரிகளும் எண்ணெய் வியாபாரிகளும் கடனாக வாங்கியிருந்தார்கள். அவர்களிடமிருந்து தவணை வருவது நின்றுவிட்டது. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது டைரக்டருக்குத் தெரியும். டெபாசிட் போட்டவர்களுக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் சிவசாமியின் நம்பரிலிருந்து மூன்று லைட்னிங் கால் சேர்ந்தாற்போல் வந்தன. மதுரைக்கு ஒன்று, கோயம்புத்தூருக்கு ஒன்று, காரைக்குடிக்கு ஒன்று. மதுரையை நான் போட்டேன். கோயம்புத்தூரைப் பக்கத்து சீட்டில் இருந்த வேதவல்லி போட்டாள்.

வேதவல்லிக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. அப்பா ராகவாச்சாரி கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. பெண் வேலைக்குப் போவதைத் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியும் அவர்தான் தினம் பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிடுவார்.

மதுரை லைன் கரகரத்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, நிதியில இருக்கறத நாளைக் காலையில முதல் வேலையா எடுத்துருங்க. கதவு தெறக்கும்போதே ஆள் நிக்கணும். ஏன், எதுக்குன்னு கேக்காதீங்க" என்றார் சிவசாமி.

கால் முடிந்ததும் திரும்பினேன். வேதவல்லியின் கை பிளக்கைப் பிடித்தபடியே நின்றிருந்தது. அவள் கேட்டதும் அதேதான் என்று முகத்திலேயே தெரிந்தது. ராகவாச்சாரியின் பிராவிடண்ட் பணம் முழுதும் அந்த நிதியில் இருந்தது எனக்குத் தெரியும். அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தங்கையின் கல்யாணத்துக்கு.

இருவரும் அடுத்த விளக்குக்குத் திரும்பினோம். காதில் விழுவது எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று வேலையில் சேரும்போதே எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சொன்னால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் அவள் பஸ் பிடிக்கப் போனாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பெற்ற அப்பா அல்லவா? அவள் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். இதை எழுதக் கூச்சமாக இல்லை.

4. சித்திரை வீதி

மறுநாள் காலை நிதியின் வாசலில் வெளியூர்க் கார்கள் வந்து நின்றன. கதவு திறந்ததும் உள்ளே போனார்கள், பைகளோடு வெளியே வந்தார்கள், போய்விட்டார்கள். பூக்கட்டுகிறவள் பார்த்தாள். பால்காரர் பார்த்தார். அவர்களுக்கு யாரும் போன் போட்டுச் சொல்லவில்லை. வீதியே வாசலில் நின்று பார்த்தது. பகல் பொழுதுக்குள் நான்கு சித்திரை வீதியிலிருந்தும் ஆட்கள் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சாயங்காலம் கதவைச் சாத்தி ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள்.

அன்று வேதவல்லி வேலைக்கு வந்திருந்தாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"ஏண்டி?"

"கையெழுத்துப் போட்டிருக்கேனே. அதோட, அப்பாக்கு மட்டும் சொன்னா, அடுத்தாத்து மாமிக்கு சொல்லாம இருக்க முடியுமா? ராத்திரி பூரா யோசிச்சேன். வாய் வரலை."

எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. சிவசாமியை அறைய முடியாது என்பதால் அவளை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ஸ்ரீரங்கம் போனேன். ராகவாச்சாரி, "வாங்கோம்மா" என்று உள்ளே கூப்பிட்டார். வேதவல்லி காபி கொண்டு வந்து வைத்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்.

"முந்தின நாளே தெரியுமாம் இவளுக்கு. நேத்திக்குத்தான் சொன்னா. அவளோட பேசவே பிடிக்கலை எனக்கு. சத்தியம் தவறாதேன்னு இவளுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன். அந்த சத்தியத்தை யாருக்காகக் காப்பாத்தினா பாருங்கோ. சிவசாமியோட கோயம்புத்தூர் மச்சினனுக்காக."

நான் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

5. விசாரணை

சிவசாமி சும்மா இருக்கவில்லை. நிதியில் கூட்டம் கூடியதற்கு எக்ஸ்சேஞ்ச் பெண்கள்தான் காரணம், ரகசியக் காலைக் கேட்டு வெளியே சொல்லிவிட்டார்கள், அதிலும் ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். விசாரிக்க வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

முதலில் வேதவல்லியைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"நீங்க யார்கிட்டயும் சொல்லலன்னா, தெருவுக்கு எப்படித் தெரியும்?"

"தெருல கார் வந்து நின்னுது சார். எல்லாரும் பாத்தா."

"உங்க அப்பாகிட்டயாவது சொல்லியிருப்பீங்க. அது மனுஷ இயல்புதானே."

"எங்கப்பா பணம் இன்னும் அங்கதான் சார் இருக்கு. ஒரு காசு எடுக்கலை. நீங்க விசாரிச்சுக்கலாம்."

அதற்கு மேல் எந்த நிரூபணம் வேண்டும்? ஆனால் அவர், "சரி, போங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"சிவசாமி போட்ட கால்ல ஒண்ணு நீங்க போட்டதா?"

"ஆமா சார்."

"என்ன பேசினாங்கன்னு வெளியில சொன்னீங்களா?"

"சொல்லல சார். இப்ப சொல்றேன், கேக்கறீங்களா?"

அவர் பேனா நின்றது.

"எழுத்துல உத்தரவு குடுங்க சார். ஒரு வார்த்தை விடாம சொல்றேன். புகார் குடுத்தவர் தன் சொந்தக்காரங்களுக்கு என்ன சொன்னாருன்னு அப்ப ரெக்கார்டுல வந்துரும். நிதியில பணம் எப்படிக் காலியாச்சுன்னும் தெரிஞ்சிரும்."

"அம்மா, அது இந்த விசாரணைக்குள்ள வராது."

"அப்ப எதுதான் சார் வரும்?"

"உட்காருங்க. கோபப்படாதீங்க."

"நான் நின்னுக்கிட்டே பேசறேன் சார். என் தம்பி பட்டறை மூடிக் கெடக்கு. அந்தப் பொண்ணோட அப்பா பணம் முடங்கிக் கெடக்கு. வாயத் தெறந்திருந்தா அந்தப் பணம் தப்பியிருக்கும். அவ தெறக்கல. அவளப் போயி குத்தவாளின்னு கூப்பிட்டு வெச்சிருக்கீங்க. போன் போட்டவர ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மிஸஸ் ராட்ரிக்ஸ் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடக்குவார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதிகாரி உத்தரவு எழுதவில்லை. எழுதினால் நான் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

முடிவு இப்படி வந்தது: வேதவல்லி மேல் குற்றம் நிரூபணம் ஆகவில்லை, இருந்தாலும் நிர்வாக நலன் கருதித் தூத்துக்குடிக்கு மாற்றம். என் சம்பள உயர்வு ஒரு வருஷம் நிறுத்தம், மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதற்காக. நிரூபணம் ஆகவில்லை என்று எழுதுகிற பேனாவாலேயே தண்டனையையும் எழுத முடியும் என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

தூத்துக்குடிக்கு அவள் தனியாகப் போவாள் என்று நினைத்து ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போனேன். ராகவாச்சாரியும் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றிருந்தார். இளைய பெண்ணும் கூட இருந்தாள். தினமும் விடியலில் விஸ்வரூப சேவைக்குப் போகிறவர் அவர். அரங்கனை விட்டு ஒரு வாரம்கூட வெளியூரில் தங்காதவர்.

"மாமா, நீங்களுமா?"

"இவளைத் தனியா அனுப்ப முடியுமாம்மா? அங்க ரெண்டு பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தா வாடகைக்கு ஆகும்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "கூஜால ஜலம் ரொப்பிண்டியா?" என்று கேட்டார். வேதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவர் அவளோடு பேசி எத்தனை நாள் ஆகியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

6. தீபாவளி

சிவசாமி மூழ்கிப்போகவில்லை. பம்பாய்க்குக் கட்ட வேண்டியதைக் கட்டினார். எந்தப் பணத்தில் என்று கேட்க ஆள் இல்லை. நிதியைக் கோர்ட் எடுத்துக்கொண்டது. டெபாசிட் போட்டவர்களுக்குப் பல வருஷம் கழித்து ஏதோ கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள். அந்தோணியின் பட்டறை திறக்கவில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக எழும்பிய பெரிய தொழிற்சாலைக்கு மண் சுமக்கப் போனான். கடுகளவு கல்லில் முகம் முகமாகப் பட்டை எடுத்த கை அது.

அந்த வருஷத் தீபாவளிக்குச் சிவசாமி எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். பெரிய வியாபாரிகள் ஆபரேட்டர்களுக்கு இனிப்புக் கொடுப்பது வழக்கம். லைன் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று. வேலையாள் பின்னால் பெட்டிகளைச் சுமந்து நின்றான்.

"என்ன, எல்லாரும் சௌக்கியமா? பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. வியாபாரம்னா ஏற்ற இறக்கம் இருக்கும்" என்றார்.

நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

"இத எடுத்துட்டுப் போய் சித்திரை வீதியில குடுங்க. அங்க இந்த வருஷம் பலகாரம் போட வழியில்ல."

"ஏம்மா, நான் என்ன வேணும்னா பண்ணேன்? அம்பது பேர் தவிச்சாங்க அந்த நேரத்துல. நானும் ஒருத்தன்."

"நீங்க தவிச்சது எட்டு மடங்கு காசு குடுத்து. அவங்க தவிச்சது ஓசியில."

அவர் மிஸஸ் ராட்ரிக்ஸைப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசினால் என்ன தண்டனை என்பது இருவருக்கும் தெரியும். மிஸஸ் ராட்ரிக்ஸ் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"மிஸ்டர் சிவசாமி, வெளியாட்கள் உள்ள வரக்கூடாது. அதுவும் ரூல்தான்" என்றார்.

அவர் போனார். போர்டில் விளக்குகள் எரிந்தன. வேலையைப் பார்த்தோம்.

வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு, பையன்களுக்கு, நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்கும் கல்லுக்கும் வாழைக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். அவை ஒரே ஆளிடம் கடன் வாங்கியிருக்கும். ஒரு இடத்தில் பணம் முடங்கினால், அந்த ஆள் முடங்காத இடத்தில் வந்து கேட்பார். நன்றாக ஓடுகிற பட்டறைதான் அப்போது மூடப்படும், ஏனென்றால் அங்கேதான் வசூல் ஆகும். 'சந்தையில் பீதி பரவியது' என்று பேப்பரில் போடும்போது எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. நோய் மாதிரி, காற்று மாதிரி, யாரும் அனுப்பாமல் தானே வந்ததாக எழுதுகிறார்கள். நான் பிளக் செருகியிருக்கிறேன். ஒருவர் பேசினார், இன்னொருவர் கேட்டார், அவர்கள் தப்பித்தார்கள்.

உங்கள் பணம் இருக்கிற இடத்தில் என்றைக்காவது கதவடைத்து, நீங்கள் ஓடிப்போய் வாசலில் நிற்க நேர்ந்தால், உங்களுக்கு முன்னால் ஆளே இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். முன்னால் நிற்க வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம்.